ஆத்திமுனைக் கட்டு உடைந்தது பற்றியும் ஜெனிதா மிஸ் பற்றியும்

முப்பத்திரண்டு வருட அரச சேவையிலிருந்து இன்று ஓய்வு பெறும் வெளிக்கள உத்தியோகத்தர் திருமதி ஜெனிதா மேர்வின் அவர்களுக்கு, ஆத்திமுனைக் களப்பு வலைகாரரும் வயல்காரரும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல்.

இடுப்பளவு உப்புத் தண்ணீரில் இறங்கி நின்று மட்டம் பார்த்தவரே! வாகனம் தராத காரியாலயத்துக்கும் வஞ்சகம் இல்லாமல் வேலை செய்தவரே! வலைகாரனின் ஏச்சையும் வயல்காரனின் ஏச்சையும் ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மறந்தவரே! மேலதிகாரி கேட்டாலும் மீன்காரன் கேட்டாலும் ஒரே பதிலைச் சொன்னவரே! எங்கள் மதிப்புக்குரிய ஜெனிதா மிஸ் அவர்களே! வணக்கம்.

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். அது மரியாதைக்கு. மற்றதெல்லாம் மிஸ்ஸுக்கு.

இந்த விழா அழைப்பிதழில் உங்கள் படத்துக்குக் கீழே, "இருபத்தையாயிரம் கண்டல் கன்றுகளை நட்டு இயற்கையைக் காத்த பசுமைத் தாய்" என்று அச்சடித்திருக்கிறார்கள். மிஸ், நீங்கள் ஒரு கன்றும் நடவில்லை. நடவேண்டாம் என்று சொன்னவர் நீங்கள். நட்டது அவர்கள். செத்தது கன்றுகள். பெயர் உங்களுக்கு. பாராட்டுகிற இடத்திலும் பொய் சொல்லாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது.

இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆத்திமுனைக்கு மண் வாரும் பெக்கோ இயந்திரம் வருகிறது. களப்புக் கட்டில் இருக்கும் உடைவை மண் போட்டு மூடி, கருங்கல் அடுக்கப் போகிறார்கள். அந்த உடைவு சட்டவிரோதமாம். உடைத்தது நீங்களாம். அரச சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றப்பத்திரம் ஐந்து வருடமாக உங்கள் பெயரில் மூடப்படாமல் கிடக்கிறது. கழுத்தில் மாலையையும் போட்டு, தலையில் குற்றத்தையும் வைத்து அனுப்புகிற பிரியாவிடையை, இந்த மடலை வாசிக்கிற நான் எழுபத்தொரு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகவே உங்கள் சேவையை நாங்கள் எங்களுக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறோம். காரியாலயத்துக்குத் தெரிந்த வரிசை அழைப்பிதழில் இருக்கிறது.

கேட்கத் தெரிந்தவரே!

நீங்கள் எங்கள் பக்கம் வந்தது இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு. நாங்கள் முகாமிலிருந்து திரும்பிவந்து நெளிந்த தகரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த காலம். எத்தனையோ பேர் வந்தார்கள். படம் பிடித்தார்கள், பெயர் எழுதினார்கள், தண்ணீர்ப் போத்தலைக் கரையில் எறிந்துவிட்டுப் போனார்கள். உங்களையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தேன். இருக்க ஒரு கதிரைகூடத் தரவில்லை. நீங்கள் வள்ளத்தின் விளிம்பில் இருந்துகொண்டு கேட்டீர்கள்:

"அண்ணை, இந்த முறை முகத்துவாரம் எப்ப வெட்டுவீங்கள்?"

"கார்த்திகை முதல் வெள்ளி."

"மழை வராட்டி?"

"வரும்."

"வராட்டி எண்டு கேட்டனான்."

"மிஸ், உங்களுக்கு வேற வேலை இல்லையோ?"

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பட்டணத்து ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. மாரி மழையில் களப்பு நிறைந்து வயலுக்குள் ஏறும். அப்போது மணல்திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும், வயல் தப்பும், கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வரும். அதுதான் முகத்துவாரம் வெட்டு. கார்த்திகை முதல் வெள்ளி கோயிலில் பூசை முடிய, வலைகாரன் ஒருவனும் வயல்காரன் ஒருவனும் சேர்ந்து முதல் வெட்டு வெட்டுவார்கள். வயல் செய்கிற முஸ்லிம் கமக்காரர் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வருவார்கள். நாள் மாறாது. வானம் மாறினாலும் நாள் மாறாது. அதைத்தான் நாங்கள் பெருமையென்று நினைத்திருந்தோம்.

நீங்கள் வந்து ஆறாம் வருடம் கார்த்திகை பிறந்தும் ஒரு துளி மழை இல்லை. களப்பு வற்றிக் கிடந்தது. கடல் மட்டும் பொங்கி மணல்திட்டின் உச்சியை நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பூசை முடித்து நாங்கள் மண்வெட்டியோடு போனபோது திட்டின் நடுவில் நீங்கள் நின்றீர்கள்.

"வெட்டாதேங்கோ அண்ணை. களப்பு கடலை விடப் பதிஞ்சு கிடக்கு. வெட்டினா வெள்ளம் வெளிய போகாது, கடல்தான் உள்ள வரும்."

"நாள் குறிச்சாச்சு மிஸ்."

"குறிச்சது நீங்கள். கடல் ஒப்புக்கொண்டதோ?"

கூட்டம் சிரித்தது. எனக்கு அவமானமாகிவிட்டது. "தள்ளி நில்லுங்கோ, மண்வெட்டி காலில பட்டிடும்" என்று சொல்லி நான் வெட்டினேன். பின்னேரத்துக்குள் கடல் உள்ளே வந்தது. வாய்க்காலால் ஏறி, மதகால் நுழைந்து, குளத்துத் தண்ணீரில் ஒரு முழம் வளர்ந்த இளம்பயிருக்குள் போய் நின்றது. நாலாம் நாள் பயிரின் நுனி சிவந்தது. பத்தாம் நாள் களப்புக் கட்டை ஒட்டிய முப்பது ஏக்கரும் வெந்துபோய்க் கிடந்தது. அதற்குள் வயல்காரர் தாஹிர் காக்காவின் நாலு ஏக்கர். அவருக்கு அதைவிட்டால் வேறு காணி கிடையாது.

அந்த முதல் மண்வெட்டி என்னுடையது. குணரத்தினம், ஆத்திமுனை மீனவர் சங்கத் தலைவர். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. ஊரில் கேட்டால் "கடல் ஏறிட்டுது" என்றுதான் சொல்வோம். கடல் தானாக ஏறவில்லை. கதவைத் திறந்து விட்டவன் நான்.

குத்திக்காட்டத் தெரியாதவரே!

அடுத்த கிழமை நீங்கள் வந்தீர்கள். "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு வார்த்தை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. தோளில் ஓர் இரும்புக் குழாய். அதைக் களப்பில் நட்டு ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும், தண்ணீர் கோட்டைத் தொட்டால் வெட்டுவது, தொடாவிட்டால் பூசையை மட்டும் செய்துவிட்டுப் போவது என்றீர்கள். கோடு எந்த உயரத்தில் என்பதற்கு ஏழு கூட்டம். வயல்காரருக்குக் கீழே வேண்டும், எங்களுக்கு மேலே வேண்டும். தாஹிர் காக்கா எழும்பிச் சொன்னார்:

"மிஸ், குழாய் என்னத்துக்கு? கோட்ட என்ட இடுப்புல கீறுங்க. நான் போய் நிக்கிறன்."

"நீர் கட்டை ஆள். வயல்காரனுக்குத்தான் வாய்ப்பு" என்றேன் நான்.

"அப்ப நீங்க போய் நில்லுங்க. உங்கட தலைக்கு மேல தண்ணி போனாலும் எனக்குச் சம்மதம்."

வயலைக் கருக்கியவனும் வயலைப் பறிகொடுத்தவனும் அன்றைக்குத்தான் மறுபடி முகம் பார்த்துச் சிரித்தோம். அந்தக் கூட்டத்தில் கோடு விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் ஐப்பசியில் வெட்டினோம், ஒரு வருடம் தையில் வெட்டினோம், ஒரு வருடம் வெட்டவே இல்லை. சாமி கோபிக்கவில்லை. கோபித்தது இரண்டு கிழவர்கள். அதில் ஒருவன் நான்.

செத்த நிலத்துக்குச் சாவீடு கொண்டாடாதவரே!

முப்பது ஏக்கரும் திரும்பவில்லை. முன்பென்றால் இரண்டு மாரி கழுவினால் உப்புப் போகும். இப்போது மழை ஒரு வருடம் வராது, மறுவருடம் ஒரே கிழமையில் எல்லாம் கொட்டும். அதுவும் கழுவாது, அள்ளிக்கொண்டு போகும். அப்போதுதான் காரியாலயம், உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரம் நடும் திட்டத்தோடு வந்தது. பதாகை, தொப்பி, சிற்றுண்டிப் பெட்டி. வரிசை வரிசையாகக் கன்று நட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேற்றில் இறக்கினார்கள். கட்டு அடைத்துக் கிடந்தபடியால் மாரித் தண்ணீர் இரண்டு மாதம் அசையாமல் நின்றது. கன்று மூழ்கி அழுகியது. அடுத்த வருடம் அதே இடம், அதே வரிசை, புதுத் தொப்பி. அதுவும் அழுகியது. மூன்றாம் வருடத்துக்கு அவர்கள் ஆயத்தப்பட்டபோதுதான் நீங்கள் எழுத்தில் எதிர்த்தீர்கள். அந்தக் கடிதம் காரியாலய அலுமாரி ஒன்றில் இருக்கும். கறையான் மிச்சம் விட்டிருந்தால் எடுத்து வாசிக்கலாம்.

உங்கள் யோசனை வேறு. களப்புப் பக்கத்து வெளிக்கட்டில் பன்னிரண்டு அடி திறந்து விடுவது, களப்புத் தண்ணீர் வந்து போக அந்த முப்பது ஏக்கரை அதற்கே விடுவது, மிச்ச வயலையும் ஐம்பத்திரண்டு வீட்டையும் காக்கப் பின்னால் ஓர் உள்கட்டுப் போடுவது. கண்டலில் ஒரு வகையான கண்ணா மரத்தின் விதை தண்ணீரோடு வரும், தனக்குப் பிடித்த இடத்தில் தானே குந்தும், ஒருவரும் நடத் தேவையில்லை என்றீர்கள். ஊர் உங்களை என்னென்ன சொன்னது என்று இங்கே வாசிக்க ஏலாது. தாஹிர் காக்கா மட்டும் நேரே கேட்டார்:

"என்ட காணிய இறாலுக்கும் நண்டுக்கும் எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா மிஸ்?"

"கடல் எடுத்திட்டுது தாஹிர். எடுத்ததில இருந்து ஏதும் உங்களுக்குத் திரும்பி வருமோ எண்டுதான் பாக்கிறன்."

"வராட்டி?"

"வராட்டி என்னை வந்து ஏசுங்கோ. நான் எங்கயும் ஓடமாட்டன்."

மற்ற உத்தியோகத்தர்கள் வரும் என்று சத்தியம் செய்வார்கள். நீங்கள் மட்டுந்தான் வராவிட்டால் நிற்பேன் என்று சொன்னீர்கள்.  தாஹிர் காக்கா நாலாம் நாள் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார். காலநிலைக்கு இசைவாக்கம் என்று ஹோட்டலில் குளிர் அறையில் கூட்டம் வைக்கிற பெரியவர்களே, கேளுங்கள். இந்தப் பூமியைச் சூடாக்கியவன் எங்கோ இருக்கிறான். அதற்காகக் காணியை விட்டுக்கொடுத்தவர் இதோ, பின் வரிசையில் இரண்டாம் கதிரையில் இருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தீர்களா அவருக்கு?

நெல் அவருக்குத் திரும்பி வரவில்லை. அறுபது வயதில் நண்டு பிடிக்கப் பழகினார். முதல் மாதமே இரண்டு விரலில் கடி. "நெல்லு ஒரு நாளும் இவரக் கடிச்சதில்ல" என்று அவர் மனைவி சுஹைரா இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் கூடையைக் கழுவுகிறார். எல்லாம் நன்மையாக முடிந்தது என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். இழந்தது இழந்ததுதான். இருப்பதைக் கொண்டு இருக்கப் பழகினோம்.

பழியைத் தன் தோளில் ஏற்றியவரே!

உள்கட்டை நாங்களே கூலியில்லாமல் சிரமதானமாகப் போட்டு முடித்தோம். வெளிக்கட்டைத் திறக்க அனுமதி கேட்டு நீங்கள் நாலு கடிதம் எழுதினீர்கள். நாலுக்கும் பதில் இல்லை. மார்கழியில் மழை பிடித்தது. முப்பது ஏக்கருக்குள் தண்ணீர் நிறைந்து, போக வழியில்லாமல் புது மண் ஈரம் காயாத உள்கட்டை நெருக்கியது. ஐந்தாம் கடிதத்தை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் பட்டணம் போனீர்கள். போகும்போது எங்களைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"நான் அனுமதியோட வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் கட்டில கை வைக்கக் கூடாது. விளங்கினதோ? குணரத்தினம் அண்ணை, உங்களுக்குத்தான் சொல்றன்."

"ஓம் மிஸ்" என்றேன். மதியம்வரை பொறுத்தோம். உள்கட்டு ஓரிடத்தில் கசிந்து வியர்க்கத் தொடங்கியது. வெளிக்கட்டை வெட்டினோம்.

பின்னேரம் நீங்கள் நனைந்தபடி வந்தீர்கள். கையில் அனுமதி இல்லை. காரியாலயக் கதவடியில் அஞ்சு மணித்தியாலம் இருத்திவிட்டு, நாளை வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உடைவால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "யார் வெட்டினது?" என்று கேட்டீர்கள்.  கூட்டத்துக்குள் ஒரு குரல், "தண்ணி தானா உடைச்சிட்டுது மிஸ்."

நீங்கள் குனிந்து உடைவின் ஓரத்தைப் பார்த்தீர்கள். "தண்ணி நல்லாத்தான் மூலைமட்டம் வச்சு வெட்டியிருக்கு" என்றீர்கள். 

மறுநாள் காரியாலயம் பொலிசுக்குப் போக ஆயத்தமானபோது, உங்கள் கையால் எழுதிக் கொடுத்தீர்கள்: உடைவு என் பொறுப்பில் நடந்தது, மக்களை விசாரிக்க வேண்டாம். அந்த ஒரு வரிக்கு உங்களைக் களத்திலிருந்து எடுத்து, பட்டணத்தில் கடிதம் பதிகிற மேசையில் இருத்தினார்கள். சனிக்கிழமைகளில் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து குழாயில் மட்டம் பார்த்தீர்கள்.

வந்தது விதை. நீங்கள் சொன்னபடி தானே வந்து குந்தியது. முதல் வருடம் புல் போல, மூன்றாம் வருடம் இடுப்பளவு, இப்போது நான் அண்ணாந்து பார்க்கிற உயரம். ஒரு வரிசையும் இல்லை, ஒரு பதாகையும் இல்லை. போன கார்த்திகைப் புயலில் கடல் மணல்திட்டுக்கு மேலால் வந்தது, மேட்டிலிருந்து வெள்ளமும் வந்தது. இரண்டும் அந்த முப்பது ஏக்கருக்குள் வந்து முட்டி, கண்ணா வேருக்குள் சிக்கி, மூச்சு வாங்கி, உடைவால் வடிந்தது. உள்கட்டு நின்றது. ஐம்பத்திரண்டு வீட்டில் ஒரு குசினிக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. கருங்கல் கட்டுப் போட்ட இன்னோர் ஊரில் தண்ணீர் கல்லுக்கு மேலால் உள்ளே போய், வெளியே வர வழி தெரியாமல் பதினொரு நாள் நின்றது. அந்தக் கல்லைத்தான் திங்கட்கிழமை எங்களுக்குக் கொண்டுவருகிறார்கள்!

போன கிழமை உங்களுக்கு ஒரு கடிதம் நீட்டினார்கள். உடைவு தவறு, மூடலாம் என்று கையெழுத்து வைத்தால் குற்றப்பத்திரத்தைக் கிழித்துவிடுவோம் என்றார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று மேடையில் ஒருவரும் தேட வேண்டாம். நீங்கள் வைக்கவில்லை. மாசற்ற பெயரோடு வீட்டுக்குப் போகும் வழி திறந்திருந்தும், எங்கள் வீடுகளுக்காக அதைச் சாத்திவிட்டீர்கள்.

இனி எங்கள் வெட்கத்தைச் சொல்கிறோம். ஐந்து வருடம் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். பயம். எங்கள் ஊர்களில் பெயர் ஒரு பட்டியலில் ஏறினால் என்ன நடக்கும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதன் நிழலில் ஒரு பெண்பிள்ளையைத் தனியே வெயிலில் நிறுத்தியது நியாயமில்லை. காரியாலயத்தின் மேல் எனக்குள்ள கோபம் பெரியது. என் மேல் உள்ளது அதைவிடப் பெரியது.

மேடையில் இருக்கும் உதவிப் பணிப்பாளர் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திமுனைக் கட்டை வெட்டியது ஜெனிதா மிஸ் இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, அவர் ஊரில் இல்லாத நேரத்தில், நாங்கள் ஏழு பேர் வெட்டினோம். ஏன் வெட்டினோம் என்று விசாரணையில் சொல்லுவோம். விசாரணை முடியும்வரை அந்த உடைவு சான்றுப் பொருள். சான்றில் கை வைக்க உங்களுக்கும் உரிமை இல்லை, பெக்கோவுக்கும் இல்லை. இதைப் பட்டணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

மிஸ் அவர்களே! நீங்கள் நோய் நொடியில்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். முழங்கால் நோவுக்கு நல்ல வைத்தியரைப் பாருங்கள். சனிக்கிழமைகளில் படுத்து நித்திரை கொள்ளுங்கள். மட்டம் பார்க்கச் சுஹைரா பழகிவிட்டார், உங்களைவிடக் கறாராகப் பார்க்கிறார். திங்கட்கிழமை நீங்கள் வரக் கூடாது. இந்த முறை அனுமதி கேட்டு நீங்கள் கதவடியில் காத்திருக்க வேண்டாம். உடைவடியில் நாங்கள் நிற்போம். உங்களுக்கு ஆண்டவர் நீண்ட ஆயுளைத் தரட்டும், எங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய துணிவைத் தரட்டும்.

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. போட்டோப் பிரதி எடுக்க அது இடைஞ்சல்.

இப்படிக்கு,
ஆத்திமுனைக் கட்டை வெட்டியவர்கள்:

குணரத்தினம், வலைகாரன். முதல் வெட்டு.
தாஹிர், முன்னாள் வயல்காரர், இப்போது நண்டுகாரர். இரண்டாம் வெட்டு.
சுஹைரா, அவருடைய மனைவி. மண் அள்ளியவர்.
கனகம்மா, வயல்காரி. மண் அள்ளியவர்.
முனாஸ், வயல்காரர். தண்ணி தானாக உடைத்தது என்று சொன்ன ஆள்.
கிருஷாந்த், வலைகாரன்.
இராஜநாயகம், வலைகாரன். போன வருடம் காலமாகிவிட்டார். தன் பெயரை விடக்கூடாது என்று சொல்லிப் போனபடியால் மகள் கீர்த்தனி ஒப்பமிட்டார்.

பிரதிகள்:
ஒழுக்காற்று விசாரணை உத்தியோகத்தர்.
பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி.